குடுவையில் விழுந்த சுழி

புஷ்பாவின் வேலையைப் பறித்தவள் நான்தான். நான் செய்த தவறுக்காக... அவள் போனாள்!

ஓமானின் சோஹார் நகரில் எங்கள் வீடு. கணவர் துறைமுகத்தில் பொறியாளர். நுண்ணுயிரியல் படித்து ஆய்வகத்தில் வேலை பார்த்த நான், கல்யாணத்துக்குப் பிறகு சமையலறையோடு நின்றுபோனேன். அப்படியிருக்கையில்தான் கணவருக்குத் தெரியாமல் பியர் காய்ச்சத் துணிந்தேன். இந்த ஊரில் அது குற்றமென்று தெரியாதா? தெரியும்! குடிக்கும் ஆசையில்லை... ஈஸ்ட்டை உயிரோடு வளர்த்துப் பார்க்கும் ஆசை!

ஈஸ்ட் பெருகக் குடுவையிலுள்ள கரைசல் ஓயாமல் கலங்க வேண்டும். பழைய கம்ப்யூட்டர் விசிறியின்மேல் காந்தம் ஒட்டினேன். அதற்கு மேலே குடுவை, குடுவைக்குள் ஒரு காந்தத் துண்டு. ஆனால் வேகம் கைக்குள் வரவில்லை! விசிறிக்கு வைத்த வேகக் குமிழைக் குறைத்தால் விசிறி நின்றுவிடும். கொஞ்சம் கூட்டினால் வெறிபிடித்துச் சுழன்று, காந்தத் துண்டைக் கண்ணாடியில் மோதும். காந்தத்தை நகர்த்தினேன், குமிழை மாற்றினேன்... ஒன்றும் பலிக்கவில்லை. பிறகு உறைத்தது: மின்னழுத்தத்தைக் குறைப்பதே பிழை! முழு அழுத்தத்தையே விட்டு விட்டுத் தரும் சின்ன சர்க்யூட் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் குமிழைத் திருப்பினேன். விசிறி மெதுவாக... நிற்காமல்... சுழன்றது! குடுவையின் நடுவே அழகான சுழி! தனியாக நின்று குதித்தேன். எத்தனை வருடங்களுக்குப் பிறகு அப்படியொரு சந்தோஷம்!

அந்த மிதப்பில், குடுவை இருந்த ஸ்டோர் ரூமைப் பகலில் வழக்கமாகப் பூட்டுவதுபோல் பூட்டாமல் வந்துவிட்டேன்.

இலங்கையின் நுவரெலியாவிலிருந்து வந்து எங்கள் வீட்டில் வேலை பார்த்த புஷ்பா இரவில் படுப்பதும் அங்கேதான். வாடை பிடித்துக் கணவர் உள்ளே போனார்.

"என்ன புஷ்பா இது? என் வீட்டுல சாராயம் காய்ச்சுறியா?"

"ஐயோ சார், சத்தியமா நான் இல்லீங்க! மேடம்தான் தயிருக்குன்னு சொல்லி வச்சாங்க... மேடம், நீங்களே சொல்லுங்க!"

அவர் என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல்! அதைவிடக் கேவலம் எது தெரியுமா? அவள் அழுதுகொண்டிருந்தபோது என் காது விசிறியின் சத்தத்தில் இருந்தது. நிற்காமல் ஓடுகிறதே என்று உள்ளுக்குள் பூரித்தேன்!

அவர் குடுவையைத் தொட்டியில் கவிழ்த்தார். அவளை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்குப் போன் செய்தார். மறுநாள் புஷ்பா பையோடு வாசலில் நின்றாள். வேன் நகர்ந்ததும் எனக்கு அழுகை பொங்கியது.

"ரொம்ப இளகின மனசும்மா உனக்கு" என்று கணவர் என் தோளை அணைத்தார்.

நான் அழுதது அந்த ஈஸ்ட்டுக்காக... இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.