கிளோவிஸ் வீட்டு இரண்டு ஓட்டு

மோந்தெரோல் என்கிற பிரெஞ்சுக் கிராமத்தில் ஓட்டு எண்ண உட்காருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உறையைப் பிரித்ததும் செங்கொடிக் கட்சியின் சீட்டு வெளியே வந்தால், "கிளோவிஸ் வந்துட்டாரு" என்பார்கள். இன்னொன்று வந்தால், "வீட்டம்மாவும் வந்தாச்சு" என்பார்கள். அதோடு அந்தக் கட்சியின் கணக்கு முடிந்தது. ஓட்டு ரகசியம் என்று சட்டம் சொல்கிறது. நூற்றுச் சொச்சம் பேர் ஓட்டுப் போடுகிற ஊரில் ரகசியமாவது ஒன்றாவது!

ஒரு காலத்தில் அப்படியா இருந்தது? அலியே மாவட்டத்தில் இந்தப் பக்கம் முழுக்க வாரத்துக்கு உழுத குடும்பங்கள். கிளோவிஸின் அப்பாவும் அப்படித்தான். விளைந்ததில் பாதி நிலக்காரருக்கு. அது போதாதென்று கோழி, வெண்ணெய், மாளிகைக்கு விறகு வெட்டும் வேலை. நிலக்காரர் சர்ச்சில் முன்வரிசையில் உட்காருகிறார் என்பதற்காகவே இவர்கள் சர்ச் வாசலை மிதிப்பதை விட்டார்கள். ஆலைத் தொழிலாளி செங்கொடி பிடிப்பது எங்கும் நடப்பதுதான். இங்கே மாடு மேய்க்கிறவன் பிடித்தான். ஊரில் பாதிக்கு மேல் அந்தக் கட்சிக்குத்தான் போட்டது.

கட்சி நடத்திய ஒரு நடன விருந்தில்தான் கிளோவிஸ் சொலாஞ்சைப் பார்த்தார். அவள் பக்கத்து ஊர்க் குத்தகைக்காரர் மகள். ஆடத் தெரியாத கிளோவிஸ் அவள் காலை மிதித்துவிட்டு, "மன்னிச்சுக்க தோழி" என்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட அந்தத் 'தோழி' கல்யாணத்துக்குப் பிறகும் போகவில்லை. வீட்டில் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. "தோழி, சூப் ஆறுது", "தோழி, பசு கன்னு போட்டுருச்சு." அவள் பதிலுக்கு "வர்றேன் கிழவா" என்பாள், அவருக்கு முப்பது வயது ஆனபோதே.

பிறகு பள்ளிக்கூடத்தை மூடினார்கள். தபால் ஆபீஸ் போயிற்று. ரயில் நிற்பதை நிறுத்திக்கொண்டது. பால் கூட்டுறவைக் கலைத்தபோது முதல் கையெழுத்துப் போட்டவன் மொரெல் என்கிற நிர்வாகி. அவன் பேரைக் கேட்டாலே கிளோவிஸுக்கு வாயெல்லாம் கசக்கும். இளசுகள் ஊரை விட்டுப் போனார்கள். போகாதவர்கள் கோபத்தில் தேசியவாதக் கட்சிக்குப் போட ஆரம்பித்தார்கள். செங்கொடிக்கு எண்பது நாற்பதாகி, நாற்பது பதினொன்றாகி, கடைசியில் இரண்டில் வந்து நின்றது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஆனால் அந்த இரண்டு மட்டும் அசையவில்லை. மழை பெய்தாலும், காய்ச்சல் அடித்தாலும், இரண்டு.

அந்த வருஷம் நாடாளுமன்றத் தேர்தலுக்கு, வழக்கம்போல எல்லாக் கட்சிச் சீட்டும் ஒரே உறையில் வீட்டுக்கு வந்தது. கிளோவிஸ் சமையலறை மேசையில் உட்கார்ந்து தம் கட்சிச் சீட்டை எடுத்தார். வேட்பாளர் பேர் சரி. அதன் கீழே, அவர் இடம் காலியானால் வந்து உட்காருகிற துணை வேட்பாளர் என்று அச்சடித்திருந்த பேர், மொரெல்.

"பாத்தியா தோழி! பால் கூட்டுறவுக்குக் குழி தோண்டினவன் நம்ம சீட்டுல வந்து உக்காந்திருக்கான்!"

"ஆள் கிடைக்காத காலம் கிழவா. கிடைச்சவனை நிறுத்திருக்காங்க. மேல இருக்கிற பேரைப் பாரு" என்றாள் சொலாஞ், கிழங்கு உரித்துக்கொண்டே.

அவருக்கு ஆறவில்லை. அவள் தோட்டத்துக்குப் போனதும் நீலப் பேனாவை எடுத்து மொரெலின் பேரை ஒரே கோடாக அடித்தார். ஊர் மன்றத் தேர்தலில் காலமெல்லாம் அப்படித்தான் செய்து வந்தார். பிடிக்காதவன் பேரை அடி, மற்றவனை விடு. அந்தச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மனநிறைவோடு போய்ப் போட்டார்.

மறுநாள் காலை மேயர் ஆபீஸ் கதவில் முடிவை ஒட்டியிருந்தார்கள். முதலில், செல்லாத ஓட்டு மூன்று என்று இருந்தது. "ஒரு சீட்டைப் போடத் தெரியாத கழுதைகளும் இந்த ஊர்ல இருக்கு" என்று சிரித்துக்கொண்டே கண்ணைக் கீழே இறக்கினார். தம் கட்சிக்கு நேரே ஒன்று என்று இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒன்றேதான்.

எதிரே கஃபே வாசலில் கடைக்காரன் கஸ்தோன் நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் வாய்க்குப் பூட்டு கிடையாது. "என்ன கிளோவிஸ், வீட்ல கூட்டணி முறிஞ்சு போச்சா?"

அவர் வீட்டுக்கு நடந்தார். நான் போட்டேன், அது எனக்குத் தெரியும். அப்படியானால் போடாதது யார்? இரண்டில் ஒன்று நான் என்றால், காணாமல் போனது யாரென்று தெரியப் படிப்பு எதற்கு?

கேட்டிருக்கலாம். "ஏண்டி இப்படிப் பண்ணின?" என்று ஒரு வார்த்தை. ஐம்பது வருஷமாகக் கேட்கத் தேவையில்லாத கேள்வி என்பதால், கேட்க வேண்டி வந்ததே அவருக்கு அவமானமாக இருந்தது. ரொட்டி வண்டிக்காரி வாயிலாகச் செய்தி சொலாஞ்சுக்கும் வந்தது. அவளும் கேட்கவில்லை. அன்று மாலை அவருக்குப் பிடித்த உருளைக்கிழங்குப் பணியாரத்தைச் சுட்டு, வழக்கத்தைவிடத் தாராளமாகப் பாலேடு ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். பாதியைத் தின்னாமல் தட்டைத் தள்ளினார்.

அன்றிலிருந்து கட்சிப் பத்திரிகையை அவளுக்குப் படித்துக் காட்டுவதை நிறுத்தினார். 'தோழி'யும் நின்றது. "இந்தா", "இங்க பாரு" என்றார். "வர்றேன் கிழவா" என்று அவள் மட்டும் பழையபடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

பனிக்காலத்தில் சொலாஞ்சுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் கிளோவிஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"யாருக்குப் போட்டா என்ன கிழவா? ஒரு ஓட்டுல மனுஷன் மாறிப் போயிடுவானா? நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல."

செய்ததையும் செய்துவிட்டு, என் கோபத்தை மன்னிக்கிறாளாமே என்று அவருக்குப் பட்டது. "பேசாம தூங்கு" என்றார். அவ்வளவுதான். மறுநாள் அவள் போய்விட்டாள்.

அந்தப் பக்கத்தில் பழைய கட்சிக்காரர் செத்தால் பெட்டியின் மேல் செங்கொடி போர்த்துவார்கள். தனக்கும் போர்த்த வேண்டுமென்று சொலாஞ் எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். கொடியைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்ததும் அவள்தான். கிளோவிஸ் அலமாரியைத் திறக்கவில்லை. வெறும் பெட்டியாகவே இறங்கினாள். ஊர் பார்த்தது.

போன தேர்தல் முடிந்து இரண்டே வருஷத்தில் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டுத் திடீரென்று தேர்தல் வைத்தார்கள். மறுபடி அதே வேட்பாளர் பேர், அதன் கீழே அதே மொரெல். கிளோவிஸ் அதே மேசையில், அதே நீலப் பேனாவால் கோடு போட்டு, சீட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு போனார்.

உறை கொடுக்கிற மேசையில் மேயர் ஆபீஸ் செயலாளர் கொரின் இருந்தாள். வெளியூர்க்காரி, வேலைக்கு வந்து போகிறவள். வருகிற பெரியவர்களிடமெல்லாம் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்.

"பெரியவரே, கோச்சுக்காதீங்க. சீட்டுல எந்தப் பேரையும் அடிச்சிடாதீங்க. அது ஊர் மன்றத் தேர்தல்லதான் செல்லும். இதுல ஒரு கோடு இருந்தாலும் தூக்கிப் போட்டுருவோம். போன தடவை செங்கொடிச் சீட்டு ஒண்ணு வீணாச்சு. யாரோ கீழே இருந்த பேரை நீல மையில அடிச்சிருந்தாங்க. நான்தான் பிரிச்சேன், சத்தமில்லாம ஒதுக்கி வச்சேன்."

கிளோவிஸின் கை சட்டைப் பையிலிருந்த பர்ஸின் மேல் போயிற்று.

"பெரியவரே? தண்ணி வேணுமா?"

வேண்டாமென்று தலையை ஆட்டினார். மேசையிலிருந்து ஒரு புதுச் சீட்டை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். பர்ஸிலிருந்ததை எடுத்துப் பார்த்தார். நீலக் கோடு நேராக, அழகாக இருந்தது. கழுதை என்று அவர் சிரித்தாரே, அந்த மூன்று பேரில் ஒருவர் அவரேதான். அவள் போட்டிருக்கிறாள். ஒன்றே ஒன்று வந்ததும் கிழவன்தான் கட்சி மாறிவிட்டான் என்று நினைத்திருக்கிறாள். நினைத்தும் பணியாரம் சுட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அவள் மன்னித்தது அவர் கோபத்தை இல்லை, அவர் செய்யாத துரோகத்தை. 'நானும் போட்டேன் தோழி' என்று சொல்ல ஒரு ராத்திரி முழுக்க இருந்தது. "பேசாம தூங்கு" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன ஆகப்போகிறது?

வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள். மொரெலின் பேரை அப்படியே விட்டுப் புதுச் சீட்டை உறையில் வைத்து, ஈரக் கையோடு வந்து பெட்டியில் போட்டார்.

மறுநாள் காலை அவர் மேயர் ஆபீஸ் கதவுக்கு முன்னால் வந்து நின்றபோது அக்குளில் ஒரு சிவப்புத் துணி மடித்து இருந்தது. கட்சிக்கு நேரே இந்தத் தடவையும் ஒன்று.

கஸ்தோன் காபிக் கோப்பையோடு பின்னால் வந்து எட்டிப் பார்த்தான். "பாத்தீங்களா, அப்பவும் ஒண்ணு, இப்பவும் ஒண்ணு. ஊரே மாறினாலும் நீங்க மாறல கிளோவிஸ்."

"இது நான்" என்றார் கிளோவிஸ். "போன தடவை அந்த ஒண்ணு அவ."

கஸ்தோனின் பார்வை அந்தத் துணி மேல் விழுந்தது. கோப்பையை வாசற்படியில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். கிளோவிஸ் திரும்பிக் கல்லறைப் பக்கம் நடந்தார்.