இரண்டு பாட்டுகளுக்கு நடுவே ஒரு குரல்

ஏவ்ரில் டப்பனுக்கு ஐம்பத்தாறு வயதில் வாய்த்த உத்தியோகம் கொஞ்சம் விசித்திரமானது. பிரைட்டனில் ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனி, மூன்றாவது மாடி. டிஜேக்கள் ஊரான் பாட்டையெல்லாம் வெட்டி ஒட்டிக் கொண்டுவருவார்கள். எது யாருடையது என்று கண்டுபிடித்து, கடிதம் போட்டு, அனுமதி வாங்க வேண்டியது இவள். அனுமதி வராத துண்டை எடுத்துவிட வேண்டும். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குப்பை கொட்டியவள் என்பதால் ஆளைத் தேடிப் பிடிப்பதில் கில்லாடி. அந்தச் சங்கீதம் எப்படி என்று கேட்டால் மட்டும், தகர டப்பாவைப் படியில் உருட்டிவிட்ட மாதிரி இருக்கிறது என்பாள்.

தொண்ணூற்றெட்டு மார்ச்சில் லீ என்ற டிஜே ஒரு கேசட் கொண்டுவந்து கொடுத்தான். முப்பத்தொரு தட்டுகளைக் கோத்து எழுபது நிமிஷத்துக்கு ஒரே பாட்டாக்கியிருந்தான். பழைய சோல் பாட்டு, ஜமைக்காப் பாட்டு, ஏதோ இத்தாலிய சினிமாவின் எக்காளம், ராப், கிடார், ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் இடி மாதிரி டிரம். ஊரே அப்போது அதற்குத்தான் பைத்தியம் பிடித்து அலைந்தது. ஏவ்ரில் ஒரு கையில் சீஸ் சாண்ட்விச்சும் மறு கையில் பென்சிலுமாகக் குறித்துக்கொண்டே வந்தாள். பத்தொன்பதாவது பாட்டு முடிந்து இருபதாவது தொடங்குகிற இடத்தில் டிரம் சட்டென்று நின்றது. ஒரு பெண் குரல் ஆறு இலக்கத் தொலைபேசி எண் ஒன்றை நிதானமாகச் சொன்னது. பிறகு, "யார் பேசறதுன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்டது. ஏழு வினாடி. மறுபடி இடி.

அது ஏவ்ரில் வீட்டு எண். ஏவ்ரில் போனை எடுத்தால் அப்படித்தான் கேட்பாள், அதே இழுவை, அதே மிடுக்கு. யாரோ அவளைக் கேலி செய்கிறார்கள். கேலி செய்கிற அந்தக் குரல் அவள் மகள் ராஸினுடையது.

ராஸ் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. போலீஸ் அப்படித்தான் சொன்னது. பதினெட்டு வயதுப் பெண், காலையில் வீட்டை விட்டுப் போனாள். அவள் ஷூ இரண்டும் கடற்கரைக் கூழாங்கல்லில் ஜோடியாகக் கிடந்தன. உடல் கிடைக்கவில்லை. முந்தின நாள் அவள் ஒரு பையனோடு போனில் பேசியதை ஏவ்ரில் மாடியிலிருந்த இன்னொரு போனை எடுத்து ஒட்டுக்கேட்டாள். கேட்டதோடு விட்டாளா? சாப்பாட்டு மேஜையில் புருஷன் முன்னால் வரிக்கு வரி ஒப்பித்தாள். பெற்றவள் செய்கிற காரியமா அது? இந்தக் கேள்வியை ஏவ்ரில் தன்னிடமே கேட்டுக்கொள்ளாத நாள் கிடையாது. புருஷன் அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தான். அவள் வீட்டையும் மாற்றவில்லை, போன் நம்பரையும் மாற்றவில்லை.

கேசட்டை இன்னொரு தரம் ஓட்டினாள். அப்புறம் இன்னொரு தரம். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் வள்ளென்று விழுகிறவள், அன்று படிக்கட்டில் உட்கார்ந்து கைப்பிடிக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எந்தத் தட்டு என்று லீயிடம் கேட்டதற்கு அவன் பேந்தப் பேந்த விழித்தான். அந்த ஊர் டிஜேக்களுக்கு ஒரு வழக்கம். நல்ல தட்டு கைக்கு வந்தால் நடுவிலிருக்கிற லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்கிற இன்னொரு டிஜே எட்டிப் பார்த்துப் பெயரைத் தெரிந்துகொள்ளக் கூடாதாம். இந்தப் புத்திசாலி தனக்கும் பெயர் தெரியாமல் உரித்து வைத்திருந்தான்.

"வீட்ல முன்னூறு தட்டு கெடக்கு தாயே, எல்லாம் மொட்டைதான். வேணும்னா வந்து ஒண்ணொண்ணா போட்டுக் கேளுங்க" என்றான்.

அதற்குள் இன்னொரு கூத்து. வெளியீட்டுக்கு முன்பே லீ கேசட்டைப் பிரதி எடுத்துக் கடைகளுக்கும் கிளப்புகளுக்கும் கொடுத்திருந்தான். பிள்ளைகள் அந்த எண்ணைச் சுழற்றிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஏவ்ரில் வீட்டில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை மணி அடித்தது. எடுக்காமல் இருக்க முடியுமா? ஐம்பதில் ஒன்று ராஸாக இருந்துவிட்டால்? ஒவ்வொரு தடவையும் எடுத்தாள், பழக்கதோஷத்தில் எண்ணைச் சொல்லி யார் என்று கேட்டாள். மறுமுனையில் குபீரென்று சிரிப்பு. தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதே இழுவையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு போனார்கள். கசாப்புக் கடைக்காரர்கூட கேட்டார். தன் குரல் மகள் வாய்க்குப் போய், மகள் வாயிலிருந்து ஊர் வாய்க்கு வந்து தன்னைச் சுற்றி நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. பயமாக இருந்தது. அந்தக் குரல் நின்றுவிடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் லீ வீட்டுத் தரையில் உட்கார்ந்து தட்டுகளைக் கேட்டாள். இருநூற்றுப் பதினேழாவதில் குரல் இருந்தது. லேபிளை உரிக்கலாம், பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் தட்டு செய்தவர்கள் ஊசியால் கீறி வைக்கிற அடையாளத்தை உரிக்க முடியாது. தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். ஒரு எண்ணும் இரண்டு எழுத்தும் தெரிந்தன. அவற்றை வைத்து, அந்தத் தட்டுக்கு அச்சு வெட்டிய ஷெஃபீல்டுக்காரரைப் பிடித்துவிட்டாள். அவர் நோட்டைப் புரட்டினார். முன்னூறு பிரதி மட்டும் போட்டதாம். அந்தக் குரலை அவரே பதிவு செய்தது எண்பத்தெட்டு அக்டோபரில்.

கடல் கொண்டுபோனதாகச் சொன்னதற்கு இரண்டு வருஷம் கழித்து.

பேசிய பெண்ணின் விலாசத்தைத் தர மாட்டேன், கடிதத்தை வேண்டுமானால் சேர்த்துவிடுகிறேன் என்றார் அவர். ஏவ்ரில் எல்லாருக்கும் அனுப்புகிற அதே படிவத்தை டைப் அடித்தாள். தங்கள் குரலில் ஏழு வினாடியைப் பயன்படுத்த அனுமதி உண்டா, இல்லையா. அன்புள்ள மகளே என்று தனியாக நாலு தாள் எழுதிப் பார்த்து நாலையும் கிழித்தாள். கடைசியில் படிவத்தின் கீழே எப்போதும் போடுகிற மாதிரி ஏ. டப்பன் என்று கையெழுத்து மட்டும் போட்டாள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் மணி அடித்தது. எண்ணைச் சொன்னாள், யாரென்று கேட்டாள். சிரிப்பு வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. எங்கேயோ தண்ணீர்க் குழாய் திறந்திருந்தது, யாரோ அதை மூடினார்கள். ஏவ்ரில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அறுந்துவிடும் என்று பட்டது. சுவர்க் கடிகாரத்தில் நாலு நிமிஷம் போயிற்று. அப்புறம் மறுமுனையில் போனை மெதுவாக வைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. 'இல்லை' என்ற கட்டத்தில் குறி. அடியில் ஒரு வரி: "என் குரலை எடுத்துவிடு. என்னைத் தேடாதே." கையெழுத்தில் குடும்பப் பெயர் வேறு. ஆனால் ஆங்கில 'ஆர்' எழுத்தின் காலை இழுத்துக்கொண்டுபோய் அடிக்கோடாக்குகிற பழக்கத்துக்காக, ராஸை ஏவ்ரிலே எத்தனை தடவை திட்டியிருக்கிறாள்.

உறையைப் பிரித்தது அவள் மட்டும்தான். மறைத்துவிடலாம். பதில் வரவில்லை என்று எழுதினால் கம்பெனியில் ஒருவரும் தோண்டிக் கேட்க மாட்டார்கள். ஊர் ஊராக எல்லாக் கடையிலும் ராஸ் பேசிக்கொண்டிருப்பாள். கோபத்தில் சண்டை போடவாவது ஒரு நாள் வாசலில் வந்து நிற்பாள். அன்று முழுவதும் ஏவ்ரிலின் மனது இதையே சுற்றிச் சுற்றி வந்தது. தாய் மனசு, வேறென்ன செய்யும்?

மறுநாள் காலை படிவத்தோடு நேராக லீ வேலை செய்கிற அறைக்குப் போனாள். ஆல்பம் அதற்கடுத்த நாள் அச்சுக்குப் போகவிருந்தது. லீ படிவத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த ஏழு வினாடிக்காகத்தான் கடைக்காரர்கள் ஆர்டரே கொடுத்திருக்கிறார்கள், அது போனால் ஆல்பமே போச்சு என்று கத்தினான்.

"யாருங்க இந்தப் பொம்பளை? என்ன திமிரு பாருங்க. ஏழே ஏழு செகண்டு, கொடுத்தா கொறஞ்சா போயிடுவா?"

"என் மக" என்றாள் ஏவ்ரில். "உயிரோட இருக்கா. வேணாங்கிறா. எடுத்துடு தம்பி."

லீ அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு திரும்பி இயந்திரத்தைப் போட்டான். வெட்டுவதற்கு முன்னால் இடம் சரிதானா என்று பார்க்க அந்தத் துண்டை ஒரு தடவை ஓட்டியாக வேண்டும். ஏவ்ரில் அறைக்கு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவன் வெட்டி முடிக்கும் வரை இரண்டு காதையும் பொத்தியபடி நின்றாள்.