கல்லுக்கு அந்தப் பக்கம்

மூன்று வருடம் முன்பு, நல்ல மழைக்காலம். பங்காருபேட்டை பக்கம் ஓர் ஏரி பல வருடம் கழித்து நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறும் கோடிக் கல்லுக்கு மேல் வழிந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. வீச்சு வலையை எடுத்துக்கொண்டு தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் இருந்து பைக்கில் போனேன்.

வெளியே வழிந்தோடும் தண்ணீரில் ஊரே இறங்கிச் சின்னச் சின்ன மீனாகப் பிடித்தது. எனக்கு அது போதாது. கல்லைத் தாண்டி ஏரிக்குள்ளேயே வலையை வீசினேன். முதல் வீச்சிலேயே ஒரு கட்லா. மூன்று கிலோ இருக்கும்.

ஒரு அம்மா ஓடி வந்து வலையைப் பிடித்துக்கொண்டார்.

"உட்டுடுங்கண்ணா. மீனவர் சங்கத்து மீனு."

"ஏரி இன்னா உங்கப்பன் ஊட்டுதா? கவர்மெண்டு ஏரிம்மா."

"ஏரி கவர்மெண்டுதுதான். மீனு நாங்க குஞ்சு வாங்கி உட்டது. குத்தகை ஆர்டர் கீது, படிக்கிறீங்களா? இல்ல, கத்தறதுக்குத்தான் வந்தீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊரில் கவர்மெண்ட் பொருள் என்றால் எடுத்தவன் பொருள். இரும்பு, குழாய், ஜன்னல் எல்லாம் அப்படித்தான் போனது. நானும் எடுத்தவன்தான்.

அவர் அசையவில்லை. "கல்லுக்கு உள்ள இருக்கறது சங்கத்துது. தாண்டி வெளிய போனா புடிச்சவங்களுது. அங்க போய்ப் புடிங்க, யாரும் கேக்க மாட்டோம்."

கட்லாவைத் தண்ணீரில் விட்டுவிட்டு, திட்டிக்கொண்டே வெளியே இறங்கினேன்.

கொஞ்ச நேரத்தில், பெரிய மீன் போகாமல் இருக்கச் சங்கத்தார் கல்லோரம் கட்டியிருந்த தடுப்பு வலை ஒரு முனையில் பிய்ந்தது. வருஷமெல்லாம் வளர்த்த மீன் துள்ளித் துள்ளி வெளியே விழுந்தது. ஜனங்கள் அள்ளினார்கள். அந்த அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை இழுத்துக் கட்டப் போராடினார்கள். என் வலையில் முன்னதைவிடப் பெரிய கட்லா விழுந்தது.

எனக்கே மனசு கேட்கவில்லை. கொண்டுபோய் நீட்டினேன். வீட்டுக்காரர் வாங்கக் கை நீட்டினார். அந்த அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"கல்லத் தாண்டிடுச்சு. அது அண்ணனுது." பிறகு என்னைப் பார்த்து, "சும்மா நிக்காம மீனக் கீழ வெச்சுட்டு இந்தக் கயித்தப் புடிங்கண்ணா."

பிடித்தேன். கட்டி முடிப்பதற்குள் பாதி மீன் போய்விட்டிருந்தது.

சட்டம் பேசுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதையே கிடையாது. தங்களுக்கு லாபம் இருக்கும்வரைதான் பேசுவார்கள். தன் மீன் கண்ணெதிரே போகும்போதும் சொன்ன சொல்லை மாற்றாத அந்த அம்மாவைப் பார்த்த பிறகுதான், ஒரு பொருளைத் தொடும் முன் இது யாருடையது என்று கேட்கக் கற்றேன்.