ஃபோர்க்லிஃப்ட் தேர்வில் குறுக்கே வந்தவள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். யாரையும் பயமுறுத்தி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ராத்திரி இல்லை, சுடுகாடு இல்லை. பட்டப்பகல். சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது.

ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதற்கு ஆள் எடுத்துப் பயிற்சி கொடுப்பது என் வேலை. முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு சரக்கை அலாக்காகத் தூக்கி அடுக்குமே, அந்த வண்டி. இந்த வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. என் மனைவி இதே கிடங்கில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். டிராக்டர் ஓட்டியவன்தானே, இதையும் ஓட்டிவிடுவான் என்று ஒருவனை வண்டியில் உட்கார வைத்தார்கள். கண்ணை மறைக்கும் உயரத்துக்குச் சரக்கை ஏற்றிக்கொண்டு அவன் நேராக வந்தான். அவ்வளவுதான். காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று மேனேஜர் கூப்பிட்டு, இனிமேல் பயிற்சியை நீயே பார், உனக்குத்தான் அக்கறை இருக்கும் என்றார். அதை ஆறுதல் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

அது நடந்த நடைவழியை மூடினார்கள். பிறகு, இடம் சும்மா கிடக்கிறதே என்று அதையே பயிற்சிக்கு ஒதுக்கினார்கள். அவள் விழுந்த இடத்தில் நின்றுதான் நான் பாடம் நடத்துகிறேன்.

ஆள் எடுப்பதில் நான் கறார். முதலில் கண். அடுத்தது கழுத்து. பின்னோக்கி ஓட்டும்போது தலையைத் திருப்பச் சோம்பல்படுகிறவர் வேண்டாம். கோபக்காரர் வேண்டாம். அவசரக்காரர் வேண்டவே வேண்டாம். தேறியவர்களுக்கும் ஒரே பாடத்தைச் சலிக்கச் சலிக்கச் சொல்வேன். ஆள் கடக்கும் இடத்து மஞ்சள் கோட்டில் நில். ஹாரன் அடி. நடந்து வருகிறவர் கண்ணைப் பார். அவர் உன்னைப் பார்த்தது உறுதியான பிறகுதான் வண்டி நகர வேண்டும்.

அன்று தேர்வுக்கு மூன்று பேர். லாரி ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர். தையல் பிரிவிலிருந்து விருப்பப்பட்டு வந்த பெண். எல்லோருக்கும் அவர் தையலக்கா. மூன்றாவது ஆள் மேனேஜர் மனைவியின் தம்பி. கம்பெனியே அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். மாப்பிள்ளை உட்காரப் போகிறாரே, சீட்டுக்கு மெத்தை தைத்துத் தரட்டுமா என்று தையலக்கா கேட்டார். அவனும் சேர்ந்து சிரித்தான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன்.

ஒருவர் ஓட்டும்போது மற்றவர்கள் வெளியே இருக்க வேண்டும். முதலில் லாரிக்காரர். நிதானமாக வந்தார். மஞ்சள் கோட்டில் நின்று ஹாரன் அடித்தார். நகரவில்லை. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு லேசாகத் தலையசைத்துவிட்டு ஓட்டினார். தேவையில்லாத தாமதம் என்று மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அடுத்தது தையலக்கா. அவரும் நின்றார். அதே இடம். ஹாரன் அடித்தார். கையை நீட்டி, போங்க என்பதுபோல் அசைத்தார்.

பக்கத்தில் போய் ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன்.

"அந்தக்கா போகட்டும்னுதான் சார். நீல ஏப்ரன் போட்டுக்கிட்டு, கையில அட்டைப்பெட்டியோட..."

இரண்டு பக்கமும் ஷட்டர் இறக்கியிருந்தது. யாரும் உள்ளே வர வழியில்லை. நீல ஏப்ரனும் இப்போது கிடையாது. என் மனைவி போன பிறகு எல்லோருக்கும் பச்சை கொடுத்துவிட்டார்கள். பளிச்சென்று தெரியுமாம்.

கண்ணைப் பார்த்தீர்களா என்றேன். பழக்கதோஷம். வாயில் தானாக வந்துவிட்டது.

"நான் பார்த்தேன் சார். அவங்கதான் என்னைப் பார்க்கல." கொஞ்சம் தயங்கினார். "உங்களையேதான் பார்த்துக்கிட்டு நின்னாங்க."

திரும்பினேன்.

தரை. மஞ்சள் கோடு. வேறு ஒன்றுமில்லை...

மாப்பிள்ளை ஏறினான். அவனுக்காக ஷட்டரைத் தூக்கியபோது மேனேஜரும் கூடவே உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். வண்டி ஓட்டுவதில் கை சுத்தமான கைதான். வளைவில் வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்புகளில் ஒன்றைக்கூட இடிக்கவில்லை. மஞ்சள் கோடு நெருங்கியது.

ஹாரன் இல்லை.

வேகம் குறையவில்லை.

டொக்...

முன்பக்கம் எழும்பி இறங்கியது. எதன் மேலோ ஏறினாற்போல.

டொக்...

பின்சக்கரம்.

அங்கே வழவழவென்று சிமென்ட் தரை. ஒரு ஆணிகூடக் கிடையாது.

இறங்கி வந்தவனிடம் யாரும் குறுக்கே வரவில்லையா என்று கேட்டேன். சூயிங்கம் மென்றுகொண்டே சொன்னான்.

"வந்தாங்க. நகர்ந்துடுவாங்கன்னு நினைச்சேன்."

அவனுக்கு வண்டி தரக்கூடாது என்று அங்கேயே சொன்னேன். மேனேஜர் சிரித்தார். தானும் இங்கேதான் நிற்பதாகவும், ஒரு ஈ காக்கை வரவில்லை என்றும் சொன்னார். வந்தது யார் என்பது என் பிரச்சினை இல்லை. ஆள் நிற்பது தெரிந்தும் இவன் நிறுத்தவில்லை, நாளைக்கு லாரிக்குச் சரக்கு ஏற்றுகிற லோடிங்கிலும் நிறுத்த மாட்டான், யாராவது அடியில் போவார்கள் என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"உன் துக்கத்தை அவன் தலையில கட்டாதப்பா."

வெளியே எங்கோ காசுக்குச் சான்றிதழ் வாங்கினார்கள். வாரம் திரும்புவதற்குள் மாப்பிள்ளை லோடிங்கில் வண்டி ஓட்டினான். தையலக்கா அதே லோடிங்கில் பெருக்கிக்கொண்டிருந்தார். அவரை நான் தேர்வில் தேற்றியிருந்தேன். ஓட்டுநர் காலியிடம் ஒன்றுதான் இருந்ததாம், தையலில் அவர் இடத்துக்கும் வேறு ஆள் வந்துவிட்டதாம்.

ஒருநாள் எல்லோரும் போன பிறகு நான் வண்டியை எடுத்தேன். மஞ்சள் கோட்டில் நிறுத்தினேன். ஹாரன் அடித்தேன். காத்திருந்தேன். மறுபடி அடித்தேன். பேட்டரி தீர்ந்து விளக்கு மினுக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வந்தவள் எனக்கு வரவில்லை.

அப்புறம் அது நடந்தது.

லோடிங்கில் லேபிள் ஒட்ட ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். வாசலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றாள். மாப்பிள்ளை தலைக்கு மேல் சரக்கோடு வந்தான். ஹாரன் இல்லை. எல்லோரும் கத்தினோம். அவளுக்குக் கேட்கவில்லை...

அவள் பக்கவாட்டில் போய் விழுந்தாள். இரும்புக் கை இரண்டும் அவள் நின்ற இடத்தைத் தாண்டிப் போய்ச் சுவரில் இறங்கின.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றார் மேனேஜர். மாப்பிள்ளை இப்போது வண்டி ஓட்டுவதில்லை. ஓட்டுநர்களைத் தேர்வு செய்யும் குழுவில் போட்டிருக்கிறார்கள். எனக்கு அடுத்த நாற்காலி.

கேமராவில் பதிவானதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவள் பக்கத்தில் யாரும் இல்லை. குனிந்து நிற்கிறாள். அவளுடைய இடது கை மட்டும் தானாக மேலே எழும்புகிறது. வெடுக்கென்று பக்கவாட்டில் போகிறது. கையோடு அவளும்.

முதலுதவி அறையில் அவளைப் பார்க்கப் போனேன்.

"ஒரு அக்கா கையைப் புடிச்சு இழுத்துட்டாங்க சார். ஒரு தேங்க்ஸ் சொல்லலாம்னா ஆளைக் காணோம்."

சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். தோளுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது.

ஒரு பக்கம் கட்டைவிரல் தடம்.

எதிர்ப்பக்கம் மூன்று விரல்கள்.

மூன்றுதான். சுண்டுவிரல் பதிய வேண்டிய இடத்தில் தோல் சாதாரணமாக இருந்தது.

பேக்கிங்கில் பெட்டியைச் சுற்றிப் பட்டை இறுக்கும் மெஷின் ஒன்று உண்டு. என் மனைவி சேர்ந்த முதல் வாரமே, சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், அவளை அதில் நிறுத்தினார்கள். அவள் சுண்டுவிரலை அது எடுத்துக்கொண்டது. அதன் பிறகு, பெட்டி தூக்காத நேரமெல்லாம் அந்தக் கையை அவள் ஏப்ரன் பைக்குள்தான் வைத்திருப்பாள்.