கோழித்தூக்கக்காரி கடலுக்குப் போன கதை

ஆம்புலன்ஸ் நிலையத்தில் அவளை எல்லாரும் 'கோழித்தூக்கம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வறை நாற்காலியில் கண்ணயர்ந்திருப்பாள். தொலைபேசி ஒரு முறை முழுதாக அடித்து ஓய்வதற்குள் வண்டிச் சாவி அவள் கையில் இருக்கும். மற்ற ஓட்டுநர்கள் குனிந்து செருப்பைத் தேடும்போது அவள் வாசலைத் தாண்டியிருப்பாள். அந்தப் பெயரில் கேலியும் இருந்தது, கொஞ்சம் பொறாமையும் இருந்தது. அவளுக்கு அது யாரோ கொடுத்த பட்டம் மாதிரி.

வேலையில் வரமாக இருந்த அந்தத் தூக்கம், நிரந்தர இரவுப்பணிக்கு மாறியதும் வீட்டில் சாபமாகிவிட்டது. குடியிருந்தது மாடி வீடு. கீழே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. காலையில் அவள் தலை சாய்க்கும் நேரமும் பட்டறைக்காரர் முதல் சம்மட்டியைத் தூக்கும் நேரமும் பேசிவைத்துக்கொண்டதுபோல ஒன்றாக வரும். சம்மட்டி ஓய்ந்தால் எதிர்வீட்டுக் கதவு. கதவு ஓய்ந்தால் தெருவில் ஒரு ஹாரன். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் உடம்பு துள்ளி எழுந்து சாவியைத் தேடியது. மனசு 'வீட்டில்தான் இருக்கிறோம்' என்று சொன்னாலும் கால் கேட்கவில்லை.

ஒருநாள் அதிகாலையில், நோயாளியை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்புகையில், சிக்னலில் நின்றவள் கண்ணை மூடிவிட்டாள். பிரேக்கிலிருந்து கால் நழுவி, வண்டி மெல்ல உருண்டுபோய் முன்னால் நின்ற காரைத் தொட்டு நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனால் பின்னால் ஒரு நோயாளி படுத்திருந்தால் என்ற நினைப்பு அவளை விடவில்லை. தானே போய் மேற்பார்வையாளரிடம் சொன்னாள்.

அவர் திட்டவில்லை. சாவியை மட்டும் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார்.

"லீவு எடுத்துக்கம்மா. நல்லாத் தூங்கிட்டு வா. தூக்கம் வரவே மாட்டேங்குதுன்னா போன் எடுக்குற மேசை காலியா இருக்கு, அங்க உக்காரலாம்."

மேசையா! வீட்டுக்கு வந்து பையை வீசியவள், "நான் வண்டி ஓட்டப் பொறந்தவ. என்னைக் கொண்டுபோய் நாற்காலியில கட்டிப்போடப் பாக்குறாங்க" என்று பொருமினாள்.

வீட்டில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் அன்றே வேகம் பிடித்துவிட்டது. அவள் கணவனுக்கு சோப்புத் தொழிற்சாலையில் வாசனை கலக்கும் அறையில் வேலை. அவன் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவன் சட்டை வாசம் படியேறி வந்துவிடும். நாத்தனார் கைபேசி பழுதுபார்க்கும் கடையில் இருந்தாள். வாய் ஓயாதவள் என்பதால் அவளுக்கு வீட்டில் 'ரேடியோ' என்று பெயர்.

"வாசனை இருக்கே, அது நேரா மூளைக்குப் போகும்" என்றான் கணவன்.

"சத்தத்துக்கு மருந்து சத்தம்தான் அண்ணி. கடல் சத்தத்தைப் போட்டுவிட்டா பட்டறையாவது ஒண்ணாவது" என்றாள் ரேடியோ.

லீவு முடிந்தாலும் இரவுப்பணிதான் என்பதால், பகல் தூக்கத்துக்கு இரண்டையும் ஒன்றாகவே செய்து பார்த்தார்கள். கணவன் லாவெண்டர் எண்ணெயைத் தலையணையில் தெளிக்கப் போய், கை தவறிக் கொட்டியே விட்டான். தும்மல் தொடங்கியது. ஒருவர் முடித்தால் அடுத்தவர். ஜன்னலைத் திறந்ததும் பட்டறைக்காரர் கீழிருந்து அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"என்னங்க, மேல சோப்புக் கடை போடுறீங்களா?"

கடலாவது கைகொடுத்ததா என்றால் அதுவும் பாதிதான். கைபேசியில் அலை நன்றாகத்தான் வந்தது. இமை கனத்துக்கொண்டு வரும்போது ஒரு கடற்பறவை கிறீச்சென்று கத்தியது. யாரோ சின்னத் துண்டாகப் பிடித்து அதையே திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். அதனால் அந்தப் பறவை சுற்றிச் சுற்றி வந்தது. 'இதோ கத்தப்போகிறது' என்று காத்துக்கிடந்ததிலேயே மிச்சமிருந்த தூக்கமும் போனது. ஒருவழியாகப் பறவையையும் சகித்துக்கொண்டு கண்ணை மூடினால், நடுவில் விளம்பரம் புகுந்து, "உங்கள் கனவு இல்லத்துக்கு உடனடிக் கடன்" என்று ஒரு பெண் அலறினாள். கோழித்தூக்கம் எழுந்து உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ரேடியோவுக்கோ அதிலேயே பொறி தட்டியது.

"இது எவனோ எங்கயோ புடிச்ச கடல் அண்ணி. அதான் ஒட்டல. நாமளே போய்ப் புடிச்சுட்டு வருவோம்."

"கடலையா?"

"ஆமா. கடைல ரெக்கார்டர் இருக்கு. முதலாளிகிட்ட நான் கேக்குறேன். வாங்க போவோம்."

அடுத்த விடுமுறை நாளில் மூவரும் முதல் ரயிலில் கிளம்பிவிட்டார்கள். சின்ன வயதில் சுற்றுலா போகும் நாளில் வருமே, அந்தக் குறுகுறுப்பு மூவரிடமும் இருந்தது. கணவன் பையில் வாசனைக் குப்பிகளைத் திணித்திருந்தான். வழியில் வெட்டிவேர் எண்ணெய்க் குப்பி மூடி கழன்று, கூட இருந்த பெரிய துண்டு அதை முழுக்கக் குடித்துவிட்டது. "போச்சுடா" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

கடற்கரையில் இறங்கினால் திருவிழாக் கூட்டம். பந்து விளையாடுகிறவர்கள், பலூன் விற்கிறவர்கள், பாட்டுப் பெட்டியோடு வந்தவர்கள். காற்று வேறு ஒலிவாங்கியில் புகுந்து புர்ரென்று அடித்தது. ரேடியோ சளைக்கவில்லை. அண்ணனை ஷூவைக் கழற்றச் சொல்லி, அவன் காலுறையை உருவி ஒலிவாங்கிக்கு மாட்டினாள். காற்றிரைச்சல் பாதி அடங்கியது.

"நாத்தம் உள்ள பதிவாகாதுல்ல?" என்று கேட்டாள் கோழித்தூக்கம்.

கரையோரமாகவே நடந்தார்கள். மீன்படகுகள் நிற்கும் இடத்தையும் தாண்டி, கூட்டத்தின் சத்தம் தேய்ந்துபோன ஓர் இடத்தில் பழைய படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் மறைவில் காற்றும் இல்லை, ஆளும் இல்லை. ரேடியோ கருவியை மணலில் நட்டுவிட்டு அண்ணனைப் பார்த்து விரலை ஆட்டினாள்.

"மூச்சு மட்டும் விடலாம். பேசக்கூடாது."

அதைச் சொல்ல ரேடியோவுக்கு என்ன தகுதி என்று கேட்க வாயெடுத்தவன், சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

கோழித்தூக்கம் வெட்டிவேர் மணக்கும் துண்டை விரித்துப் படகில் சாய்ந்து உட்கார்ந்தாள். அலை வந்தது. மணலை இழுத்துக்கொண்டு போனது. அடுத்தது கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் பெரிதாக வந்தது. எதுவும் முந்தியதைப் போல இல்லை. இத்தனை வருஷமாக அவள் காதில் விழுந்த ஒவ்வொரு சத்தமும் அவளிடம் எதையாவது கேட்டிருக்கிறது. ஓடு, எடு, திருப்பு, வழி விடு. இந்த அலைகளில் ஒன்றுகூட அவளை எதற்கும் கூப்பிடவில்லை. அது பாட்டுக்கு வந்தது, அது பாட்டுக்குப் போனது. தோள் இறங்கியது. தாடை தளர்ந்தது. அடுத்த அலை என்ன ஆனதென்று அவளுக்குத் தெரியாது.

கணவன்தான் முதலில் பார்த்தான். தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினான். துண்டின் மேல் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, அடித்துப்போட்டாற்போலத் தூங்கிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி. இரண்டு பேரும் துள்ளிக் குதித்தார்கள், சத்தமே இல்லாமல். வெயில் அவள் முகத்துக்கு நகர்ந்தபோது கணவன் சட்டையைக் கழற்றி நிழலுக்குப் பிடித்துக்கொண்டு நின்றான். கை மாற்றி மாற்றிப் பிடித்தான். ஒரு பந்து உருண்டு வந்தது. ரேடியோ அதை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு, விரல் நுனியில் நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவள் கண்விழித்தபோது நிழல் படகின் மறுபக்கம் போயிருந்தது. கணவன் முதுகு சிவந்திருந்தது.

"தூங்கிட்டேனா?" என்றாள்.

"நீயா? ஊரையே வித்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது" என்றான் அவன். மூவரும் உடையோடு தண்ணீருக்குள் ஓடினார்கள்.

வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டால், அருமையான கடல். கொஞ்ச நேரம் கழித்து அலைக்கு நடுவே ரம்பம் அறுப்பதுபோல ஒரு சத்தம்.

"யாரு அது, மரம் அறுக்குறது?"

"நீங்கதான் அண்ணி."

வெட்கத்தில் முகத்தை மூடியவள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். குறட்டைக்கு முந்தைய பகுதியை மட்டும் ரேடியோ வெட்டியெடுத்தாள். அதுவே போதுமான அளவு நீளமாக இருந்தது. பறவை இல்லை, கடன் தரும் பெண்ணும் இல்லை.

மறுநாள் காலை பட்டறை தொடங்கும் நேரத்தில் அறை மூலையில் ஒலிபெருக்கியை வைத்து அலையை மெதுவாக ஓடவிட்டார்கள். கணவன் இந்த முறை ஒரே ஒரு சொட்டு லாவெண்டரைப் பஞ்சில் வைத்தான். அவள் புரண்டாள். உடம்பு தளர்ந்தது, ஆனால் தூக்கத்தின் கதவு திறக்கவில்லை.

"அதே கடல்தான். ஆனா ஏதோ ஒண்ணு கொறையுது" என்றாள்.

கணவன் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றான். வாசனை கலக்குகிறவன் மூக்கு சும்மா இருக்குமா? சட்டென்று ஓடிப்போய் அழுக்குக்கூடையைக் கவிழ்த்து, துவைக்காத அந்தத் துண்டை எடுத்து முகர்ந்தான். வெட்டிவேரோடு உப்பும் ஈரமணலும் கலந்து மணத்தது. மடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தான்.

கீழே சம்மட்டி விழுந்தது. அவள் இமை ஒருமுறை துடித்தது. அலை வந்தது. மறுபடியும் சம்மட்டி. இந்த முறை இமை அசையவில்லை. வாசலில் நின்ற அண்ணனும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் நசுக்கிக்கொண்டார்கள்.

எல்லா நாளும் அப்படி வாய்த்தது என்று சொல்ல முடியாது. சில நாள் பாதித் தூக்கம்தான். ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டார்கள். காலையில் தேநீரை நிறுத்தினாள். துண்டின் வாசம் குறைந்ததும் கணவன் ஒரு சொட்டு எண்ணெய் விட்டான். விஷயம் தெரிந்த பட்டறைக்காரர், "தகடு அடிக்கிற வேலைய மத்தியானத்துக்கு மேல வெச்சுக்கிறேம்மா, காலைல பெயிண்ட் வேலையப் பாக்குறேன்" என்றார். மெல்ல மெல்ல, சத்தம் கேட்டதும் சாவியைத் தேடும் கை படுக்கையில் அடங்கிக் கிடக்கப் பழகியது.

லீவு முடிந்து போனபோது மேற்பார்வையாளர் அவள் கண்ணை உற்றுப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினார்.

அந்தி சாயும் நேரத்தில் முதல் அழைப்பு. பிரசவவலி. ஏற்றிக்கொண்டு கிளம்பினால், வேலை விட்டு வரும் வண்டிகளால் சாலை அடைத்துக்கிடந்தது. அவளுக்கு எல்லாமே துலக்கமாகத் தெரிந்தது. எந்தச் சந்துக்குள் பஸ் நுழையாது, எந்த ஆட்டோ ஒதுங்கும், எது ஒதுங்காது. பின்னாலிருந்து செவிலியர், "அக்கா, தலை தெரியுது" என்றார். "இன்னும் ஒரே ஒரு திருப்பம், பொறுத்துக்கச் சொல்லு" என்றாள். திருப்பினாள். மருத்துவமனை முகப்பில் வண்டி நின்றதும், வண்டிக்குள்ளிருந்து குழந்தை வீறிட்டு அழுதது. ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாள் அவள்.

காலையில் வீட்டுப் படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இருவரையும் பிடித்து நிறுத்தி, கையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் சொன்னாள். ரேடியோவுக்கே குறுக்கே பேச இடம் கிடைக்கவில்லை.

"பொண்ணு. அப்படியொரு தொண்டை. என் சைரன் தோத்துது."

"சரி, இந்தச் சந்தோஷத்துல இன்னிக்குத் தூங்குவியா?" என்றான் கணவன், ஒலிபெருக்கியை மூலையில் வைத்தபடி.

"தெரியலையே" என்று படுக்கையில் விழுந்தாள். "அந்தப் பாப்பாவோட அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா..."

என்ன சொன்னாள் என்பதைச் சாயங்காலம் எழுந்த பிறகுதான் அவர்களால் கேட்க முடிந்தது.