நாற்பத்தொரு கிலோ

கிளிஃப் ஹாட்டன் முப்பத்துநாலு வருஷம் இங்கிலாந்தின் ஹல் நகரத்துப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஊரையே குலுங்காமல் கொண்டுசேர்த்த மனிதருக்குச் சொந்தக் காரைக் கவனிக்க மட்டும் நேரம் வாய்க்கவில்லை. அறுபத்தாறாம் வருஷத்துப் பச்சை எம்ஜி; கல்யாணத்துக்கு மறுநாள் அவரும் பெரிலும் ஃபைலி கடற்கரைக்குப் போன வண்டி. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் செத்து, சின்னக் கல்லில் ஏறினாலும் முதுகில் அறையும்.

பெரிலின் முதுகெலும்பில் இப்போது புற்றுநோய். "ஒரே ஒரு தடவை ஃபைலிக்குப் போயிட்டு வரணும். அதுவும் நம்ம வண்டியிலதான்," என்றாள். மகளின் சொகுசுக் கார் வேண்டாமாம். பிடிவாதக்காரி.

பழைய வண்டிகளுக்கென்றே வெளிக் கம்பெனிகள் செய்து விற்கும் மென்மையான பட்டைகளையும் ஷாக் அப்சார்பர்களையும் கிளிஃப் வரவழைத்தார். எழுபத்தைந்து வயதில் தரையில் படுத்து, துருவேறிய போல்ட்டுகளோடு நான்கு நாள் மல்லுக்கட்டினார். கடைசி இறுக்கு மட்டும் பாக்கி. அதை ஜாக்கியில் தூக்கி வைத்துச் செய்யக் கூடாது. வண்டி சக்கரத்தில் நிற்க, ஏறப்போகிறவர்களின் பாரம் உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டை முனைகளில் உள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு குலுக்கல் திரும்பிவிடும். தன் இருக்கையில் தோட்டத்து மண் மூட்டைகளை வைத்தார். அவள் இருக்கையில் அறுபத்திரண்டு கிலோவுக்கு அடுக்கினார்.

பெரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். "யாருக்குய்யா இத்தனை மூட்டை?"

"உனக்குத்தான். அறுபத்திரண்டு."

"அந்தக் குண்டுப் பொம்பளை எப்பவோ போயிட்டா, கிளிஃப். நாப்பத்தொண்ணு. நர்ஸ் நேத்துதான் எடை பார்த்தா."

ஒரு மூட்டையை இறக்கினார். இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். இவ்வளவு அவளிடமிருந்து போயிருக்கிறது என்று கை சொன்னது. வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு அழுதார். பிறகு இறுக்கினார்.

மறுநாள் காலை கிளம்பினார்கள். தெருமுனையில் முதல் வேகத்தடை. வண்டி அலுங்காமல் ஏறி இறங்கியது.

"தெரியவே இல்ல," என்று சிரித்தாள் பெரில்.

இரண்டாவதிலும் அதையே சொன்னாள். ஆனால் கதவுப்பிடியைப் பற்றிய விரல்கள் வெளுத்திருந்தன. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

கிளிஃப் ரவுண்டானாவை முழுதாகச் சுற்றி, வந்த வழியே திருப்பினார்.

"கடல் அந்தப் பக்கம்ல இருக்கு?"

"பெட்ரோல் தீரப்போகுது. நாளைக்குப் போட்டுட்டுப் போவோம்."

டேங்க் நிறைந்திருப்பதாக முள் காட்டிக்கொண்டிருந்தது. பெரில் அதைப் பார்த்தாள். கதவுப்பிடியை விட்டுவிட்டு, கியர் மேலிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மறக்காம போட்டுடு," என்றாள்.