பாதைக்குக் கீழே மரவள்ளி

முதல் நாள் காட்டுக்குள் போனவர்கள் நாங்கள் நாலு பேர்: என் அப்பா, அப்பாவின் தங்கையான என் அத்தை, எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர், நான். இல்லாதவர்கள் அதைவிட அதிகம். ரப்பர்த் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஜப்பான்காரன் வருவதற்கு ஒரு வாரம் முன்பே காரில் சிங்கப்பூர்ப் பக்கம் போய்விட்டார். கணக்கு எழுதும் கிராணி சிரம்பானில் யார் வீட்டிலோ ஒளிந்திருப்பதாகச் சொன்னார்கள். அம்மா முந்தின வருஷக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்காவின் வீட்டுக்காரரை லோரியில் ஏற்றி ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அக்கா மட்டும் எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்தில் இருந்தாள், மூன்று மாதப் பெண் குழந்தையோடு.

கோலா பிலா போகும் பெரிய ரோட்டுப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. வாரம் இரண்டு தடவை மோட்டார் சைக்கிளில் கடிதப்பை கொண்டுபோகும் ஜப்பான் சிப்பாய்க்கு வேறு வழி வேண்டும். தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் குன்றைத் தாண்டி ஒரு பாதை வெட்டு, வெட்டியதைப் பழுது வராமல் பார்த்துக்கொள் என்று உத்தரவு வந்தது. குன்றுக்கு அந்தப் பக்கத்து வேலை மலாய்க் கிராமமான கம்பத்துக்காரர்களுக்கு. இந்தப் பக்கம் அரை மைல் எங்கள் நாலு பேருக்கு. ஆளுக்கு வாரம் ஒரு காத்தி, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றே மேல், அரிசி தருவதாகச் சொன்னார்கள்.

அந்தச் சரிவின் அடியில்தான் அக்காவின் மரவள்ளிக் கொல்லை இருந்தது. மொத்தம் இருநூற்று நாற்பது மூடு. அத்தான் போகும் முன் இரண்டு பேரும் சேர்ந்து நட்டது. ஏழு மாதம் ஆகிவிட்டது, இன்னும் இரண்டு மாதம் விட்டால் கிழங்கு முற்றும். அதை அப்போது வெறும் கிழங்கு என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அத்தானின் அண்ணன் கோலா சாவா பக்கம் ஒரு தோட்டத்தில் அரிசி ஸ்டோரில் வேலை பார்த்தார். கல்யாணமாகிப் பத்து வருஷம், பிள்ளை இல்லை. பாதை வேலை தொடங்குவதற்கு முந்தின வாரம்தான் மனைவியோடு எங்கள் லயத்துக்கு வந்திருந்தார்.

"புள்ளய எங்ககிட்ட குடுத்துடும்மா," என்றார் அக்காவிடம். "எங்க வூட்டுல அரிசி இருக்கு. நீயே தின்ன வழியில்லாம இருக்க, அதுக்கு எங்கேந்து பால் வரும்?"

"இன்னும் ரெண்டு மாசம் பொறுங்க மாமா," என்றாள் அக்கா. "கெழங்க தோண்டிட்டா நான் தின்பேன், அது குடிக்கும். தோண்டுறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா நீங்களே வந்து தூக்கிட்டுப் போங்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அவர் கெட்டவர் இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

பாதை வெட்டும் வேலைக்கு என் படிப்பு தேவைப்படும் என்று மண்டோர் நினைத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கோலா பிலாவில் இங்கிலீஷ் ஏழாவது வரை படித்து, பிறகு மூன்று மாதம் ஜப்பான் பாஷை வகுப்பிலும் உட்கார்ந்திருந்தேன். "தம்பி, நீ கயிறு புடி," என்றார். பிடித்தேன். உச்சியில் ஒரு முளை, அடியில் ஒரு முளை, நடுவில் கயிறு. ரப்பர் நிரை எப்படி நேராக இருக்க வேண்டுமோ அப்படி நேராக இறக்கினேன். மலாய்க்காரர்கள் தங்கள் பக்கம் வளைத்து வளைத்து வெட்டியதைப் பார்த்து, இவர்களுக்கு அளவு தெரியவில்லை என்று அப்பாவிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

அப்பாவும் மண்டோரும் பாராங் கத்தியால் சிறு மரங்களையும் பிரம்புக் கொடிகளையும் வெட்டித் தள்ளினார்கள். டயரில் குத்தாதபடி அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்தோம். வேர்களை அறுத்தோம். குழியில் கல் போட்டு மண் போட்டு மிதித்தோம். அவ்வளவுதான் சிப்பாய் கேட்டது. ஆனால் எங்களால் அதோடு நிற்க முடியவில்லை. அத்தை மண்வெட்டியை எடுத்துப் புல்லைச் சீவ ஆரம்பித்தாள். இருபது வருஷம் புல் வெட்டியவள். நிரையில் ஒரு லாலான் புல் தலை தெரிந்தால் துரை அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, வெட்டிவிடுவார். அவளைப் பார்த்து அப்பாவும் குனிந்தார், நானும் குனிந்தேன். மூன்று வாரத்தில் அரை மைலும் துடைத்த தரைபோலச் சிவப்பு மண்ணாகக் கிடந்தது. கடைசியில் விளக்குமாறு கொண்டுவந்து இலையையும் பெருக்கினோம்.

"மண்டோரே, சோறு போட்டுத் திங்கலாம் போல இருக்கு," என்றாள் அத்தை.

"திங்கலாம். சோறுதான் இல்ல," என்றார் மண்டோர்.

சிப்பாய் வந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும், கன்னத்தில் அம்மைத் தழும்பு. வண்டியில் பாமாயில் கலந்த எண்ணெய் ஊற்றியிருந்ததால், அவன் கடந்துபோனால் வடை சுட்ட வாசனை வரும். நாங்கள் ஓரத்தில் வரிசையாக நின்று குனிந்து வணங்க வேண்டும். அன்றைக்கு அவன் இறங்கி வந்து பாதையைப் பார்த்தான், காலால் தேய்த்துப் பார்த்தான், சிரித்தான். அப்பாவுக்கும் மண்டோருக்கும் சிகரெட் கொடுத்தான். கையைக் கீழ்நோக்கிப் பரப்பி, எப்போதும் இப்படியே இருக்க வேண்டும் என்று காட்டினான். இதைத்தான் நான் அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

இரண்டாம் மாதம் மழை வந்தது.

முதல் மழையிலேயே பாதை ஓடையாகிவிட்டது. பிடித்துவைக்க ஒரு புல் இல்லை. திருப்பிவிட ஒரு வளைவும் இல்லை. உச்சியில் விழுந்த தண்ணீர் என் கயிற்றுக் கோட்டிலேயே ஓடிவந்து, அடியில் அக்காவின் கொல்லைக்குள் புகுந்தது. ஒன்பது மூடு சாய்ந்தது. அத்தை முழங்கால் சேற்றில் நின்று மேலே பார்த்தாள்.

"நாமதான்டா செஞ்சோம்," என்றாள் என்னிடம். "புல்லு இருந்தா மண்ணு நிக்கும். எனக்குத் தெரியாதா? துரை மலையில எத்தன மண்ணு ஆத்துக்குப் போச்சு. ஆனா அங்க கீழ நம்ம கொல்ல இல்ல, நமக்கென்னான்னு சீவுனோம்."

பாதையின் கடைசி இறக்கத்தில் குறுக்கே பத்தடிக்கு ஒரு கட்டை பதிக்கலாம் என்றார் அப்பா. தண்ணீர் கட்டையில் முட்டி ஓரமாகக் காட்டுக்குள் இறங்கிவிடும். இரண்டு நாளில் பதினாலு கட்டை பதித்தோம். நல்ல யோசனைதான், தண்ணீர் திரும்பவும் செய்தது. மூன்றாம் நாள் சிப்பாயின் முன்சக்கரம் ஈரக் கட்டையில் வழுக்கி, அவன் வண்டியோடு விழுந்தான். எழுந்து வந்து அப்பாவின் கன்னத்தில் அறைந்தான். "டாமே, டாமே," என்று ஒவ்வொரு கட்டையாகக் காட்டினான். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பதினாலு கட்டையையும் அன்றே பிடுங்கினோம்.

பிறகு, புல்லையாவது வளரவிடுவோம் என்று மண்வெட்டியைத் தொடாமல் இருந்தோம். பத்து நாளில் ஓரமெல்லாம் பச்சை பிடித்தது. சிப்பாய் வண்டியை நிறுத்தி அந்தப் பச்சையைப் பார்த்தான். எங்களைச் சோம்பேறிகள் என்று நினைத்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் முன்னால் போனேன். மூன்று மாத வகுப்பில் படித்ததில் எனக்கு அந்த நேரத்தில் நாலு சொல்தான் வந்தது: தண்ணீர், கெட்டது, அக்கா, சாப்பாடு. அந்த நாலையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். மண்டியிட்டு விரலால் சேற்றில் கோடு இழுத்து, தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று காட்டினேன். கீழே கொல்லையைக் காட்டினேன். அவன் பொறுமையாகவே கேட்டான். கேட்டுவிட்டு, நான் பசி என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டானோ என்னவோ, பையிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தான். பிறகு புல்லைக் காட்டி, பிடுங்கு என்று சைகை செய்தான். நான் பிடுங்கினேன். அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை அக்காவிடம், இப்போதே தோண்டிவிடலாமா என்று அப்பா கேட்டார். ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தாள். விரல் பருமனுக்கு நாலு வேர். "இத வெச்சி ஒரு வாரம் ஓட்டலாம். அப்புறம்?" என்றாள். இன்னும் சில வாரம்தானே, பொறுக்கலாம் என்று நானும் சொன்னேன்.

தண்ணீரைத் திருப்ப இன்னும் ஒரே ஓர் இடம் இருந்தது. அடிவாரத்தில் இடது பக்கக் கரையை இரண்டடி வெட்டிவிட்டால் போதும், வண்டிக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் இடது பக்கம் மண்டோரின் கொல்லை. அப்பா அவரிடம் கேட்கும்போது நானும் கூட இருந்தேன்.

மண்டோர் தன் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எனக்கும் நாலு புள்ளைங்க இருக்கு அண்ணே," என்றார். "வெட்டணும்னா வெட்டுங்க. நான் தடுக்க மாட்டேன். ஆனா என்னயே வெட்டச் சொல்லாதீங்க."

அப்பா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தக் கரையில் நின்றார். மண்டோரின் கடைசிப் பையன் அந்தப் பக்கம் கீரை பறித்துக்கொண்டிருந்தான். அப்பா திரும்பிவிட்டார். லயத்துக்குப் போகிற வழியில் என்னிடம், "நீயா இருந்தா வெட்டியிருப்பியாடா?" என்று கேட்டார். இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு வந்தது விடாமல் மூன்று நாள் பெய்த மழை. பாதை முழங்கால் ஆழத்துக்கு அரித்துப் பள்ளமாகிவிட்டது. மறுநாள் வண்டி வரும், அதற்குள் பள்ளத்தை மூட வேண்டும் என்று உத்தரவு. காட்டோரத்தில் மண்ணைத் தோண்டிக் கூடையில் சுமந்து வந்து கொட்டினோம். கொட்டிய மண்ணைக் கால் மணி நேரத்தில் மழை கரைத்தது. மறுபடி கொட்டினோம். நான் நூற்றுப் பத்துக் கூடை வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. மத்தியானம் கீழே ஒரு கூடை எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். காலையிலிருந்து நாங்கள் சுமந்துபோன மண்ணெல்லாம் அக்காவின் கொல்லையில் வந்து படிந்திருந்தது. செடிகள் இடுப்பு வரை சேற்றுக்குள் நின்றன. பாதி ஏற்கெனவே படுத்துவிட்டன.

மேலே ஏறி அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, நாம கொட்டுறதுதான் அங்க போய் மூடுது."

"தெரியும்," என்றார். கூடையை நிரப்பினார். "நிறுத்துனா நாளைக்கு என்னயும் லோரில ஏத்துவான். அப்புறம் அவளுக்கு யாரு?"

நான் என் கூடையைத் தூக்கிக்கொண்டேன். இருட்டும் வரை சுமந்தோம். அக்கா குழந்தையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வந்து, கொல்லைக்குள் நின்று கையாலேயே சேற்றை வழித்து வெளியே எறிந்துகொண்டிருந்தாள். அவள் எறிவதும் நாங்கள் மேலிருந்து அனுப்புவதும் ஒரே மண். ஒருதரம்கூட அவள் நிமிர்ந்து எங்களைப் பார்க்கவில்லை.

சேறு வற்றியதும் தோண்டிப் பார்த்தோம். புதைந்தவை அழுகியிருந்தன. மேட்டோரத்தில் இருபத்தாறு மூடு தப்பியது. அதிலிருந்து இரண்டு கூடைக் கிழங்கு கிடைத்தது, பத்து நாள் சாப்பிட்டோம். அக்காவுக்குப் பால் நின்றுவிட்டது. குழந்தை அழுவதையும் குறைத்துக்கொண்டது. அதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது.

கோலா சாவாவுக்கு நான்தான் கடிதம் எழுதினேன். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன், இரண்டே வரி. அந்த வாரமே அத்தானின் அண்ணனும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர் ஒரு சின்ன மூட்டை அரிசி கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

"அத எடுத்துட்டுப் போங்க மாமா," என்றாள் அக்கா. "புள்ளய குடுத்து அரிசி வாங்கிட்டேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வேணாம்."

"அப்புடி யாரும்மா சொல்லப் போறா?"

"நானே சொல்லுவேன்," என்றாள்.

அவர் மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அத்தைதான் குழந்தைக்குத் துணி சுற்றிக் கொடுத்தாள். அது புதுக் கைகளில் அழாமல் போயிற்று. நன்றாகத்தான் வளர்ந்தது, அங்கே அதற்கு ஒரு குறையும் இல்லை. அதனால்தான் சண்டை முடிந்த பிறகும் திருப்பிக் கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை. அவர்களை அது அம்மா அப்பா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டிருந்தது. அத்தான் திரும்பி வரவில்லை.

குழந்தை போன பத்தாம் நாள் பெரிய ரோட்டில் பலகைப் பாலம் போட்டார்கள். சிப்பாய் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. பாதையைப் பராமரிக்க வேண்டாம் என்று யாரும் வந்து சொல்லாததால், இன்னும் இரண்டு வாரம் நாங்கள் போய்ப் புல் சீவிவிட்டு வந்தோம். ஒவ்வொரு தடவையும் குனிந்து வணங்கியதால் எனக்குக் கணக்கு தெரியும். அவன் அந்தப் பாதையில் போனது மொத்தம் இருபத்தெட்டு தடவை. எங்களுக்கு அதற்கு ஆனது மரவள்ளி இருநூற்றுப் பதினாலு மூடு, பெண் குழந்தை ஒன்று.